எண்ணெய் விட்ட கீபோர்டு

வைகாசி 21, திங்கள்

பட்டாணி, இன்று உன் அறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து பனியன்களுக்குப் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். டக்கு டக்கு டக்கு என்று ஒரே மூச்சாகக் கேட்டதும் கத்திரிக்கோல் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஒரு நிமிஷம் எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். பல்லடம் ரோடு, லாரி, ஆஸ்பத்திரி எல்லாம் கெட்ட கனவு, நீ உள்ளேதான் இருக்கிறாய், உனக்கு டீ போட வேண்டும் என்று எழுந்து போனேன்.

உன் நாற்காலியில் வினோ உட்கார்ந்திருந்தாள்.

"பயந்துட்டீங்களாத்தை? லேப்டாப்புல பாதி பட்டன் வேலை செய்யறதில்லீங். அதுதான் அவரோட கீபோர்ட எடுத்து மாட்டிட்டேன். பில்லெல்லாம் அப்படியே நிக்குது."

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ பாரு" என்றேன். உனக்கு என்று போட்ட டீயை அவளிடம் கொடுத்தேன். சர்க்கரை கூட உன் அளவுக்கு விழுந்திருந்தது. அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

நீ அதை வாங்கி வந்த அன்று நான் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? இவ்வளவு காசு கொடுத்துச் சத்தத்தை வாங்குவார்களா என்று கேட்டேன். "சத்தம் வந்தாத்தாம்மா வேலை ஓடுதுன்னு தெரியும். உன்ற ஓவர்லாக் மெஷின் மாதிரி" என்று சொன்னாய்.

இந்த டைரியும் வினோ கொடுத்ததுதான். அவள் பில் போட்டுக் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தார்களாம். "மனசுல இருக்கறத அவருக்கே எழுதுங்கத்தை, லேசா இருக்கும்" என்றாள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

ஆனி வந்தால் நீ போய் ஒரு வருஷம் திரும்புகிறது.

வைகாசி 22, செவ்வாய்

இன்றும் அந்தச் சத்தம். ஒரு பனியனில் பிசிருக்குப் பதிலாகத் துணியை வெட்டிவிட்டேன். அதைக் கட்டின் அடியில் மறைத்து வைத்துவிட்டேன்.

வைகாசி 25, வெள்ளி

கீழ்வீட்டு சரோஜினி அக்கா மேலே வந்தார். வீட்டுக்கார அம்மா மாடி ஏறினால் ஏதாவது குறை இருக்கும். உட்காரக்கூட இல்லை.

"என்ன வசந்தா, வீட்டுக்குள்ள கவுளி வளர்த்தறியா?"

"பல்லியாங்க்கா?"

"ஆமா. உச்சந்தலைக்கு மேல டிக்கு டிக்குன்னு சொல்லிட்டே கெடக்குது. எந்தத் தெசையில சொல்லுதுன்னு காது வெச்சுப் பார்த்தேன். தெக்கால சொல்லுது. தெக்கால சொன்னா நல்லதில்லையேன்னு அவருகிட்டச் சொன்னா, அந்த மனுசன் பாயிலருந்து எந்திரிச்சு உக்காந்துட்டு, கவுளியுமில்ல கிவுளியுமில்ல, மேல டைப் அடிக்கறாங்க, நான் எப்பத்தான் தூங்கறதுன்னு கத்தறாரு."

அவர் புருஷன் பழனியப்பண்ணன் நிட்டிங் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் போகிறவர். பகலில்தான் தூங்க வேண்டும். அவர் பாய் போடும் இடத்துக்கு நேர் மேலேதான் உன் மேஜை.

வினோ அறையிலிருந்து தலையை நீட்டி, "அந்தக் கவுளி நாந்தானுங்க்கா" என்றாள். சரோஜினி அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எழவு விழுந்த வீடுன்னு நானும் ஒரு வருசமா ஒண்ணும் சொல்றதில்ல. வேற ஆளா இருந்தா காலி பண்ணச் சொல்லியிருப்பேன். எப்படியாவது அந்தச் சத்தத்த நிறுத்திப்போடு."

காலி பண்ண முடியாது பட்டாணி. இந்த வீட்டில்தான் உன் அறை இருக்கிறது.

மூட்டையிலிருந்து பனியன் வேஸ்ட் எடுத்தேன். நல்ல ரிப் துணியாகப் பார்த்து நாலு மடிப்பு மடித்து, சுற்றிலும் தைத்து மெத்தை மாதிரி ஆக்கி, கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். வினோ தட்டிப் பார்த்தாள். மேஜை அதிர்வது நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை. முன்பு ஆணி அடிப்பது போல இருந்தது, இப்போது அடுத்த வீட்டில் ஆணி அடிப்பது போல இருக்கிறது.

வைகாசி 27, ஞாயிறு

ஒவ்வொரு பட்டனையும் கழற்றி அடியில் ரப்பர் வளையம் போட்டால் சத்தம் குறையும் என்று வினோ போனில் பார்த்தாளாம். அந்த வளையம் இங்கே கிடைக்கவில்லை. பேன்சி கடையில் சின்னப் பிள்ளைகளுக்கு முடி பின்னிப் போடுகிற பொடி ரப்பர் ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நான் கொண்டை ஊசியால் பட்டனை நெம்பிக் கொடுக்க, அவள் ரப்பரை மாட்டினாள்.

அடியில் என்னென்ன கிடந்தது தெரியுமா? மிக்சரில் போடுகிற ஓமப்பொடித் துண்டு. பென்சில் சீவல். ஒரு கிழிந்த சாக்லேட் தாள். "இதுக்குத்தான் டேபிள்ல உக்காந்து திங்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்குவேன்" என்றாள் வினோ. வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம் ஒரு முடி இருந்தது. குட்டையான முடி, ஒரு பக்கம் சுருண்டிருந்தது. உன்னுடையதுதான். நான் அதை விரலில் ஒற்றி எடுத்தேன். வினோ சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அத எனக்குத் தர்றீங்களாத்தை?"

"கெடக்கட்டும் கண்ணு. நான் வெச்சிருக்கறேன்."

அவள் குனிந்து ரப்பர் மாட்டிக்கொண்டே இருந்தாள். நான் முடியைக் குங்குமச் சிமிழில் வைத்தேன். அந்தச் சிமிழ் எப்படியும் சும்மாதான் கிடக்கிறது.

வைகாசி 31, வியாழன்

சத்தம் பாதியாகக் குறைந்தது. சரோஜினி அக்கா பரவாயில்லை என்றார்.

குறைந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அது ஒரே சத்தம் இல்லை, இரண்டு சத்தம். பில் போடும்போது ஒரே சீராக ஓடுகிறது, நேர்த்தையல் போடுவது போல. இன்னொன்று அப்படி இல்லை. கொஞ்சம் ஓடி நிற்கிறது. நின்று, காத்திருந்து, மறுபடி வேகமாக ஓடுகிறது. நடுவில் அவள் மூக்கால் சிரிக்கிறாள்.

இருபது வருஷம் பனியன் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். எந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நீ வினோவைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு இப்படித்தான் அடிப்பாய்.

சாயங்காலம் கேட்டேன். "இன்னைக்கு வேலை கம்மியா கண்ணு?"

"இல்லீங்கத்தை. கூடப் படிச்ச புள்ள ஒருத்தி, சென்னையில இருக்கறா. அவளோட பேசிட்டிருந்தேன்."

ஒருத்தி என்றுதான் சொன்னாள். நான் நம்பினேன்.

ஆனி 2, ஞாயிறு

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். சரோஜினி அக்கா வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

"மருமக மொகம் இப்பத் தெளிஞ்சிருக்குது."

"ஆமாங்க்கா."

"வயசுப் புள்ள. கொழந்தையுமில்ல. எத்தன நாளைக்கு நீ வெச்சிருப்பே? அவிய அண்ணன் இந்நேரம் ஒரு எடம் பார்த்திருப்பான்."

"திதி முடியட்டுங்க்கா."

"திதி முடிஞ்சா முடிஞ்சுது. அப்புறம் எதச் சொல்லி நிறுத்துவே?"

கிளிப் போட மறந்து வந்துவிட்டேன். ஒரு சேலை காற்றில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

வினோ இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமேன்னுதானுங்கத்தை" என்கிறாள். எனக்குத் தொந்தரவு என்று நான் எப்போது சொன்னேன்?

ஆனி 5, புதன்

கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. பிசிர் வெட்டுவதற்கு உன் அறை வாசலை ஒட்டி உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. மூட்டையை அங்கே நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

இன்று இரண்டாவது சத்தம்தான் அதிகம்.

ஆனி 9, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது வினோ சொன்னாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"அத்தை, சென்னையில ஒரு கம்பெனியில எழுதிப் போட்டிருந்தேனுங். அந்தப் புள்ள சொன்ன எடம். புதன்கெழமை பதினோரு மணிக்கு ஒரு டெஸ்ட் வெக்கறாங்க. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல எழுதறது."

நான் ரசம் ஊற்றினேன்.

"கெடைச்சுதுன்னா நீங்களும் வந்துருங்கத்தை. ரெண்டு பேரும் போயிரலாம்."

"மோர் ஊத்திக்க" என்றேன்.

மரியாதைக்குச் சொல்கிறாள். விருந்துக்கு வந்துவிட்டு ஊருக்குப் போகும் ஒறம்பரை, படி இறங்கும்போது, நீங்களும் வாங்களேன் என்று சொல்வதில்லையா, அது மாதிரி. நான் வந்துவிட்டால் உன் அறையை யார் பார்ப்பது? உன் சட்டைகள் இன்னும் கொடியில்தான் தொங்குகின்றன. நான் எதையும் எடுக்கவிடவில்லை.

அப்புறம் அவள், "அன்னைக்கு மட்டும் சத்தம் கித்தம் இல்லாம இருக்கோணுங்கத்தை" என்றாள்.

சரி கண்ணு என்றேன்.

ஆனி 11, செவ்வாய்

அவள் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதானே கேட்டாள். அதனால்தான் செய்தேன்.

கம்பெனியில் ஒரு மெஷின் கத்தினால் மெக்கானிக் வந்து முதலில் எண்ணெய்தான் விடுவார். வினோவும் முன்பு ஒரு நாள் சொன்னாள், இந்தக் கீபோர்டைப் பிரித்து உள்ளே கிரீஸ் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களாம், போனில் வீடியோ இருக்கிறதாம். கிரீஸ் என்ன, எண்ணெய் என்ன. என் தையல் மெஷினுக்கு வாங்கிய எண்ணெய் அரைக் குப்பி இருந்தது.

வினோ கோயிலுக்குப் போயிருந்தாள். டெஸ்டுக்கு வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒவ்வொரு பட்டனாக நெம்பி, மூக்குக் குப்பியால் விட்டேன். சொட்டு சொட்டாக விட வேண்டும் என்று தெரியும். கை தாராளமாக வந்துவிட்டது. நன்றாக உள்ளே இறங்கியது. மேலே வழிந்ததைப் பனியன் துணியால் துடைத்து, பட்டன்களைத் திரும்ப அழுத்தி வைத்தேன். தட்டிப் பார்த்தேன். பஞ்சை அமுக்குவது போல இருந்தது. சுத்தமாகச் சத்தம் இல்லை.

வினோ வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் திருநீறு கொண்டு வந்து என் நெற்றியில் பூசிவிட்டாள். சொல்ல மறந்துவிட்டேன்.

ஆனி 12, புதன்

பத்தரை மணிக்கு அறையிலிருந்து கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலே சரியில்லை.

எண்ணெயில் ஊறி அந்த ரப்பர்கள் எல்லாம் ராத்திரியோடு உப்பிவிட்டன. அமுக்கின பட்டன் எழுந்திருக்கவில்லை. ஒரு எழுத்தை அமுக்கினால் திரை முழுவதும் அந்த எழுத்தே ஓடியது, வரி வரியாக, நிற்காமல். வினோ கையை எடுத்த பிறகும் ஓடியது. நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாமல் அது பாட்டுக்கு எழுதியது.

வினோ விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"என்னத்த ஊத்துனீங்கத்தை?"

"சத்தம் வரக்கூடாதுன்னுதான் கண்ணு..."

"இன்னைக்குன்னு பார்த்தா?"

நேற்று என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அவள் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினாள். நான் மேலே நின்று கேட்டேன். சரோஜினி அக்கா, "அய்யோ, மணியாச்சே" என்று பதறினார். அவர் மகள் காலேஜில் படிக்கும்போது வைத்திருந்த ஒரு பழைய கீபோர்டு பரண் மேல் இருந்திருக்கிறது. பழனியப்பண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தாராம். "இதுல சத்தமே வராது சாமி. டெஸ்ட் முடிஞ்சாலும் திருப்பித் தராத, நீயே வெச்சுக்க. எங்க சாமிக்கு நேந்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

பதினோரு மணிக்கு வினோ உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. நல்லபடியாக எழுதினாளாம்.

ஆனி 13, வியாழன்

என்னிடம் கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. மத்தியானம் மெடிக்கலில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து, தரையில் செய்தித்தாள் விரித்து, உன் கீபோர்டைப் பட்டன் பட்டனாகக் கழற்றித் துடைத்தாள். உப்பிய ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கத்திரியால் வெட்டி எடுத்தாள். முடித்து மாட்டினாள். வேலை செய்யவில்லை. மறுபடி கழற்றினாள். பொழுது சாயும்வரை அதே வேலை.

"விடு கண்ணு. அதுதான் வேற இருக்குதே."

"இது அவரு கையி பட்டதுங்கத்தை."

அப்புறம் அழுதாள். பஞ்சு பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஸ்பிரிட் எரிந்து இன்னும் அழுதாள். அதைத் தினமும் தொட்டுக்கொண்டிருக்கத்தான் மாட்டினாளோ என்னவோ. லேப்டாப் பட்டன் கெட்டதற்குக் கடையில் மலிவாக வேறு ஒன்று வாங்கியிருக்கலாமே. நான் கேட்கவில்லை.

ஆனி 18, செவ்வாய்

உன் திதி. உனக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்து, வடை சுட்டு, கத்திரிக்காய் வதக்கிப் படைத்தேன். காக்கா உடனே வந்தது. எல்லாரும் நல்லது என்றார்கள்.

கொடுமுடியிலிருந்து வினோவின் அண்ணன் மகுடேஸ்வரன் வந்திருந்தான். நல்ல பையன்தான். சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ஆடி ஒண்ணுக்கு வந்து தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேனுங்கத்தை. ஆத்தோரமா தேங்காய் சுடற நோம்பி. அம்மாவும் பார்த்தாப்பல இருக்கும்."

ஆடிக்குப் பெண்ணை அழைப்பது புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத்தான். அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

"நோம்பி முடிஞ்சு எப்பக் கொண்டாந்து விடுவீங்க?"

அவன் வினோவைப் பார்த்தான். வினோ இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "வேலை கெடைச்சிருச்சுங்கத்தை. நேத்துத்தான் சொன்னாங்க. அண்ணன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு, அப்படியே சென்னைக்குப் போயிச் சேரோணும்" என்றாள்.

"ஆடியில யாராச்சும் வேலையில சேருவாங்களா கண்ணு? ஆவணியில சேர்ந்துக்கலாமே."

"கம்பெனிக்காரனுக்கு ஆடியேது ஆவணியேது அத்தை" என்று மகுடேஸ்வரன் சிரித்தான். நானும் சிரித்தேன். காக்காவுக்கு வைத்ததில் மிச்சம் இருந்தது. அதைக் கழுவி ஊற்றினேன்.

ஆனி 24, திங்கள்

இந்த வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. உன் கீபோர்டை வினோ ஒரு சட்டையில் சுற்றி வைத்துவிட்டாள். புதுசு ஊமையாக இருக்கிறது. அவள் உள்ளே இருக்கிறாளா, எழுதுகிறாளா, யாரிடம் பேசுகிறாள், ஒன்றும் தெரிவதில்லை. கதவில் காதை வைத்தாலும் மின்விசிறிதான் கேட்கிறது. நானே கேட்டு வாங்கின அமைதி இது.

நீ உள்ளே அமைதியாக இருந்தால் தூங்குகிறாய் என்று அர்த்தம். இவள் அமைதியாக இருந்தால் என்ன அர்த்தம்?

பீரோ உன் அறையில்தானே இருக்கிறது. சேலை எடுக்கிற சாக்கில் சட்டென்று கதவைத் திறந்தேன். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேகமாக ஓடின, ஆனால் துளி சத்தம் இல்லை. நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். வீல் என்று கத்திவிட்டாள்.

"கதவத் தட்டிட்டு வாங்கத்தை! சாமி... உசுரே போச்சு."

அதிலிருந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.

ஆனி 27, வியாழன்

அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு வைக்கலாம் என்று, அவள் கடைக்குப் போயிருந்தபோது திருப்புளியால் கழற்றினேன். திரும்ப மாட்ட வரவில்லை, திருகாணி ஓட்டை பெரிதாகிவிட்டது.

கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது. கடையில் ஒரு புதுத் தாழ்ப்பாள் வாங்கினேன். உட்பக்க மரம் மட்கியிருந்ததால் வெளிப்பக்கம் வைத்து அடிக்கச் சொன்னேன். தச்சு வேலை செய்கிறவர், "ஏனுங்கம்மா, வெளிப்பக்கமா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம், பூனை போகிறது என்றேன்.

வினோ பார்த்தாள். என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

ஆனி 30, ஞாயிறு

இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் பிசிர் வெட்டினாள். அவளுக்குச் சரியாக வராது, நூலை நீளமாக விட்டுவிடுவாள். நான் திரும்ப வெட்டிக்கொண்டே வந்தேன்.

"நெசமாலுமே கேக்கறேன், வர்றீங்களாத்தை? சின்ன வீடுதான். கூடத்துலதான் படுக்கோணும்."

"கூடத்துல படுக்கறது எனக்கென்ன புதுசா?"

"அப்ப வாங்க."

"இந்த ரூமு?"

அவள் கையிலிருந்த பனியனை மடித்து வைத்தாள். "அந்த ரூமுல அவரு இல்லீங்கத்தை" என்று மட்டும் சொன்னாள். நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெறும் கையோடு திரும்பி வந்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

உண்மையாகக் கேட்கிறவள் அண்ணனிடம் ஏன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை? அன்று அவன், தங்கச்சியை, என்று மட்டும்தானே சொன்னான்?

ஆடி 1, புதன்

காலையில் இட்லி ஊற்றினேன். வினோ தலைக்குக் குளித்துவிட்டு, துணி அடுக்கப் போகிறேன் என்று அறைக்குள் போனாள். போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டிருந்தாள். காற்று அடித்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. திரும்பவும் அடிக்கக் கூடாதே என்று தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவ்வளவுதான் செய்தேன்.

முதலில் மெதுவாகத் தட்டினாள். "அத்தை, கதவு சிக்கிக்கிச்சு பாருங்க." நான் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளங்கையால் தட்டினாள். "அத்தை? வீட்டுலதான் இருக்கறீங்களா?" அப்புறம் இரண்டு கையாலும். மேஜை, கட்டில், தரை எல்லாம் அதிர்ந்தது. பழனியப்பண்ணன் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருப்பார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

கீழேயிருந்து சரோஜினி அக்கா கத்தினார். "என்ன வசந்தா, மேல என்ன சத்தம்?"

"கீபோர்டுங்க்கா" என்றேன். "இப்ப நின்னுரும்."

நின்றுவிட்டது பட்டாணி. நான் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் போன் என் மடியில் அதிர்கிறது. 'அண்ணன்' என்று வருகிறது. நிற்கிறது, திரும்ப வருகிறது. கீழே காரின் கதவு திறந்து மூடுகிறது. மகுடேஸ்வரன் சரோஜினி அக்காவிடம் ஏதோ கேட்கிறான். இனி அவன் படி ஏற வேண்டியதுதான்.

உள்ளே வினோ கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சு கதவுக்கு அடியில் கேட்கிறது. இத்தனை நாள் கேட்காத சத்தம் எல்லாம் இப்போது கேட்கிறது. அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. ஒரு குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, உங்க துணியெல்லாம் பீரோவுலருந்து எடுத்து என்ற பெட்டியில மடிச்சு வெச்சுட்டேனுங். அண்ணங்கிட்டயும் நேத்தே சொல்லிட்டேன், ரெண்டு பேரா வர்றோம்னு. தொறந்து நீங்களே பாருங்க."

பீரோ உள்ளே இருக்கிறது. பெட்டியும் உள்ளே இருக்கிறது. திறக்காமல் நான் பார்க்க முடியாது. திறந்தால் அவளை நிறுத்த முடியாது.

செருப்புச் சத்தம் படியில் கேட்கிறது.

உனக்குத்தானே அவளை என்னைவிட நன்றாகத் தெரியும் பட்டாணி. அவள் நிஜம் சொல்கிறாளா, கதவைத் திறக்க வைக்கச் சொல்கிறாளா?